ஒன்பதாவது கடை ஊரை வளர்க்குமா?

மூதூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். முகாமைத்துவப் பட்டம் முடித்து இரண்டு வருடமாக நியமனத்துக்குக் காத்திருக்கிறார். போகிற கருத்தரங்கில் எல்லாம் "வேலை தேடாதீர்கள், வேலை கொடுப்பவராக மாறுங்கள், தொழில் முயற்சியாளர்தான் நாட்டின் முதுகெலும்பு" என்று சொல்கிறார்களாம். அவர் எழுதியது இது: "எங்கள் வீதியில் மட்டும் எட்டுப் பலசரக்குக் கடை, வீட்டுக்கு வீடு தையல் மெசின். இத்தனை முயற்சியாளர் இருந்தும் ஊர் ஏன் இப்படியே கிடக்கிறது? தொழில் முயற்சியாண்மை உண்மையிலேயே புத்தாக்கத்தையும் வளர்ச்சியையும் கொண்டுவருமா, இல்லை வேலை கொடுக்க வழியில்லாதவர்கள் சொல்லும் சமாதானமா?"

தங்கச்சி, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, தொழில் முயற்சிக்கும் ஒரு நாட்டின் வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்பது. மற்றதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குக் கேட்கிறது: ஊர் வளராததற்கு நானும் காரணமா, அரச வேலைக்குக் காத்திருப்பது குற்றமா? இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குற்றமில்லை. போர், சுனாமி, 2022 பொருளாதார நெருக்கடி மூன்றையும் கண்ட மாவட்டத்தில் பிறந்த பிள்ளை, மாதம் முடியச் சம்பளமும் பின்னால் ஓய்வூதியமும் தருகிற வேலைக்குக் காத்திருப்பது கணக்குத் தெரிந்த செயல்தான். அதைச் சோம்பல் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

முதல் கேள்விக்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். நான் 11 வருடம் திருகோணமலையில் ஒரு வங்கியின் கடன் பகுதியில் இருந்தவன். அதற்குப் பிறகு 14 வருடமாக, குச்சவெளியிலிருந்து வெருகல் வரை சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு வைக்கவும் விலை போடவும் சந்தை பார்க்கவும் சொல்லிக் கொடுத்து வருகிறேன். பொருளியல் ஆய்வு செய்தவனில்லை. மற்றவர்கள் செய்த ஆய்வுகளைத் தேடி வாசிப்பவன். அதனால் கண்ணால் கண்டதையும் ஆய்வுகள் சொல்வதையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

தொழில் முயற்சியாளரைப் பொருளாதார வளர்ச்சியின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியவர் ஜோசப் சும்பீட்டர் என்ற ஒஸ்திரியப் பொருளியலாளர். 1911 ஆம் ஆண்டில் அவர் அதை எழுதினார். ஆனால் கடை திறந்தவரை எல்லாம் அவர் அந்தப் பெயரால் அழைக்கவில்லை. புதிய பொருள் ஒன்று, பழைய பொருளைச் செய்யப் புதிய முறை, இதுவரை யாரும் போகாத சந்தை, மூலப்பொருளுக்குப் புதிய இடம், தொழிலையே ஒழுங்கு செய்யும் புதிய விதம், இந்த ஐந்து வகைப் புதுச் சேர்க்கைகளில் ஏதாவது ஒன்றை நடைமுறையில் செய்து காட்டியவருக்குத்தான் அந்தப் பெயர். செய்து முடித்து, அதே தொழிலை வழமைபோல நடத்தத் தொடங்கிவிட்டால் அவரும் முயற்சியாளர் என்ற நிலையிலிருந்து இறங்கி வெறும் முகாமையாளர் ஆகிவிடுவார் என்பது சும்பீட்டரின் கருத்து. மேடைகளில் இந்தப் பாதி விடுபட்டுப் போகிறது. வாக்கியத்தை எடுத்துக்கொண்டார்கள், அதில் வரும் ஆள் யார் என்பதை விட்டுவிட்டார்கள்.

உங்கள் வீதிக்கு வருவோம். ஒரு வீதியில் 200 குடும்பம் என்று வையுங்கள். அவர்கள் வாங்கும் அரிசியும் சீனியும் பருப்பும் கடை கூடுவதால் கூடாது. எட்டாகப் பிரிந்த வியாபாரம் ஒன்பதாகப் பிரியும். ஒன்பதாவது ஆள் விடிய ஐந்து மணிக்குக் கதவு திறக்கிறார், கடன் கொப்பி எழுதுகிறார், இரவு பத்து மணிக்குப் பூட்டுகிறார்; அவர் வீட்டு அடுப்பு எரிகிறது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் ஊருக்குப் புதிதாக வந்து சேர்ந்தது மிகக் கொஞ்சம். மற்ற எட்டு உலையிலிருந்தும் ஒரு பிடி ஒன்பதாவது உலைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள குறை இல்லை. ஏழை நாடுகளில்தான் சுயதொழில் செய்பவர்களின் விகிதம் கூட. நாடு செல்வம் சேர்க்கச் சேர்க்க அது குறைந்து, சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் கூடுகிறார்கள். இதில் ஆய்வாளர்களிடையே பிணக்கு இல்லை. இலங்கையிலேயே இதை நுணுக்கமாகப் பார்த்தவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல்லும், அவரோடு டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் என்ற இருவரும். தனியாளாகத் தொழில் செய்பவர்களை ஒரு பக்கம் சம்பள வேலைக்காரரோடும், மறுபக்கம் ஆட்களை வைத்து நடத்தும் முதலாளிமாரோடும் ஒப்பிட்டார்கள். பின்னணி, திறன், மனப்போக்கு எல்லாவற்றையும் அளந்து பார்த்ததில், தனியாளாகத் தொழில் செய்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் சம்பள வேலைக்காரரையே ஒத்திருந்தார்கள். என் கடன் மேசைக்கு முன்னால் வந்து இருந்தவர்களில் பலர் விண்ணப்பத்தை நீட்டும்போதே சொல்வார்கள், "வேலை ஒன்று கிடைக்கும் வரைக்கும்தான் சேர்." அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களை முதுகெலும்பு என்று அழைத்து, ஊரைத் தூக்கி நிறுத்தும் பாரத்தை அவர்கள் தோளில் வைப்பதுதான் பிழை.

வேலை உருவாக்கம் பற்றி ஒரு வார்த்தை. சிறு தொழில்கள்தான் வேலை தருகின்றன என்று சொல்வார்கள். அமெரிக்கத் தரவுகளை வைத்துப் பொருளியலாளர் ஹோல்டிவாங்கர் குழுவினர் 2013 இல் வெளியிட்ட ஆய்வு, நிறுவனத்தின் வயதைக் கணக்கில் எடுத்தால் அந்தப் பெருமை சிறிய நிறுவனங்களுக்கு இல்லை, இளம் நிறுவனங்களுக்கே உரியது என்று காட்டியது. அவற்றிலும் பெரும்பாலானவை சில வருடங்களில் மூடிவிடுகின்றன. தப்பிய கொஞ்சம் வேகமாக வளர்கின்றன. இருபது வருடமாக ஒரே அளவில் நிற்கும் கடையிலிருந்து அடுத்த வருடம் ஐந்து வேலை பிறக்காது. அமெரிக்கக் கணக்கை அப்படியே திருகோணமலையில் ஒட்ட முடியாது என்றாலும் இந்த ஒரு விஷயம் நான் கண்டதோடு ஒத்துப்போகிறது.

அப்படியானால் எங்கள் ஊரில் புத்தாக்கம் எப்படி இருக்கும்? கணினியும் செயலியும் மட்டும்தான் புத்தாக்கம் என்று நினைக்க வேண்டாம். குச்சவெளிப் பக்கம் ஓர் அக்கா. கரைவலையில் நெத்தலி பட்டால் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடம் வாங்கி, மணலில் பழைய வலையை விரித்துக் காயப் போடுவார். தாயும் அப்படித்தான் செய்தவர். நான் முதல் முறை போன நாளில் வெளியூரிலிருந்து வந்த கருவாட்டு வியாபாரி ஒருவர் அங்கே நின்றார். சாக்குக்குள் கைவிட்டு ஒரு நெத்தலியை எடுத்து, முறித்து, பாதியை வாயில் போட்டு மென்றார். பல்லில் "நற" என்றது. ஒன்றும் பேசாமல் சாக்கின் வாயைச் சுருட்டினார். அக்கா கேட்ட விலையில் பாதியைச் சொன்னார். அந்தச் சத்தம் அக்காவுக்கும் கேட்டது. அவர் விலை பேசவே இல்லை, கொடுத்துவிட்டார்.

அடுத்த முறை கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் அவர் வளவில் காட்டுத் தடி நட்டு, இடுப்பு உயரத்துக்குத் தட்டுகள் கட்டினார். தட்டில் வலை. காகத்துக்கும் இலையானுக்கும் மேலால் சின்னக் கண் வலை ஒன்று. கீழிருந்தும் காற்றுப் படுவதால் மீன் கெதியாகக் காயும், மண் ஒட்டாது. சொல்லும்போது எவ்வளவு சுலபம்! முதல் தடவை மீனைத் தடிப்பாகக் கொட்டிவிட்டார். மேலே பார்த்தால் காய்ந்திருக்கிறது, நடுவில் கைவைத்தால் பிசுபிசுப்பு, மணம் மாறிவிட்டது. அவ்வளவும் குழியில் போனது. சீட்டுக் காசு அது. மூன்று கிலோ பச்சை மீன் வாங்கினால் ஏறக்குறைய ஒரு கிலோ கருவாடுதான் மிஞ்சும் தொழிலில், ஒரு தட்டு பழுதானால் ஒரு கிழமை உழைப்புப் போய்விடும். இரண்டாவது தடவை ஒற்றை அடுக்காகப் பரப்பினார். உப்புத் தண்ணீரின் அளவை நாக்கில் வைத்தே பிடித்தார். பெரிது சிறிது பிரித்தார். மூன்றாவது மாதம் நகரக் கடை ஒன்றுக்கு 250 கிராம் பைகளில் கொடுத்தார். கடைக்காரர் ஒரு நெத்தலியை முறித்து மென்றார். சத்தம் இல்லை.

எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. இரண்டு பருவத்துக்குள் அந்தக் கரையில் பல வளவுகளில் தட்டு எழும்பிவிட்டது. அக்காவுக்கு முதல் வருடம் கிடைத்த அதிக விலை பிறகு கிடைக்கவில்லை. ஒரு நாள் என்னிடம் சொன்னார், "நான் பழுதாக்கிப் படிச்சன், அவங்க பாத்துப் படிச்சிட்டாங்க." அதில் கவலை இருந்தது, நியாயமான கவலை. ஆனால் ஊரின் கணக்கில் பாருங்கள். கடல் அதே கடல், மீன் அதே மீன். கரைக்கு வரும் காசு கூடிவிட்டது. ஒன்பதாவது கடை மற்ற எட்டிலிருந்து எடுத்தது. இந்தத் தட்டு யாரிடமிருந்தும் எடுக்கவில்லை. கடல் சூழ்ந்த இந்த நாடு வெளிநாட்டிலிருந்து நெத்தலிக் கருவாடு இறக்குமதி செய்கிறது என்பதை நினைத்தால், அந்தக் கூடிய விலை எங்கள் கரைக்கு வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

இதே விஷயத்தை ரிக்கார்டோ ஹவுஸ்மன், டானி ரொட்ரிக் என்ற இரு பொருளியலாளர்கள் 2003 இல் எழுதினார்கள். வளர்ந்துவரும் நாட்டில் புத்தாக்கம் என்றால் பெரும்பாலும் உலகம் அறியாத ஒன்றைக் கண்டுபிடிப்பதில்லை. உலகம் அறிந்த ஒன்றை எங்கள் மண்ணில், எங்கள் செலவில், லாபத்தோடு செய்ய முடியுமா என்று முதல் ஆள் செய்து பார்ப்பது. தோற்றால் நட்டம் முழுவதும் அவருக்கு. வென்றால் பலனில் பெரும்பங்கு பின்னால் வந்தவர்களுக்கு. அதனால்தான் முதல் ஆளாக யாரும் முன்வர மாட்டார்கள், இரண்டாம் ஆளாக எல்லோரும் நிற்பார்கள். பங்களாதேஷின் ஆடைத் தொழில் இதற்கு நல்ல சாட்சி. 1979 இல் 'தேஷ்' என்ற நிறுவனம் 130 பேரைத் தென்கொரியாவின் தேவூ நிறுவனத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. அடுத்த சில வருடங்களில் அவர்களில் 115 பேர் விலகிப் போனார்கள். பலர் தாங்களே தொழிற்சாலை தொடங்கினார்கள், இல்லாவிட்டால் புதிதாகத் தொடங்கியவர்களிடம் சேர்ந்தார்கள். தேஷ் முதலாளிக்கு அது இழப்பு. பங்களாதேஷுக்கு அதுவே உலகச் சந்தையின் வாசல்.

அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை பேர் தொழில் தொடங்கினார்கள் என்பதில்லை. முதல் ஆளின் முதல் நட்டத்தை யார் தாங்குகிறார்கள் என்பது. குச்சவெளி அக்காவுக்கு அதைத் தாங்கியது ஒரு சீட்டுக் காசும், ஒரு மாதம் கடன் கொடுத்துப் பொறுத்த தங்கையும். எந்த அரச திட்டமும் இல்லை, என் வங்கியும் இல்லை.

பிறர் கண்டதை எங்கள் மண்ணுக்கு ஏற்ப மாற்றுவது குறைந்த வேலை என்று நினைத்துவிடக் கூடாது. தம்பலகாமத்தில் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை இன்றும் 'லாண்ட்மாஸ்டர்' என்றுதான் சொல்கிறோம். அது ரே விஜேவர்தன என்ற இலங்கைப் பொறியியலாளர் 1950களில் வடிவமைத்து, இங்கிலாந்தில் உற்பத்தியான இயந்திரத்தின் பெயர். பின்னாளில் அவரே அதைக் கேள்விக்கு உட்படுத்தினார்: எருமையின் இடத்தில் இயந்திரத்தை வைத்தேனே தவிர விவசாயத்தை மேம்படுத்தினேனா என்று. கண்டுபிடித்தவரே இப்படித் திரும்பிப் பார்ப்பது அபூர்வம், அதற்காக அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் எங்கள் ஆட்கள் அந்த இயந்திரத்தோடு பெட்டி பூட்டி நெல் ஏற்றினார்கள், பட்டி மாட்டித் தண்ணீர் இறைத்தார்கள், சூடடித்தார்கள். அந்தப் புதுச் சேர்க்கைகளைச் செய்தவர்கள் ஒட்டு வேலை செய்யும் சின்னச் சின்ன மெக்கானிக்குகள். அவர்களில் ஒருவரின் பெயரும் எங்கும் பதிவாகவில்லை.

இனி எங்கள் துறைமுகம். உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தோம். உண்மைதான். ஆனால் ஆழமான கடலும் மறைவான குடாவும் தாமாகச் சம்பாதிக்காது. 1956 இல் மல்கம் மக்லீன் என்ற அமெரிக்க லொறி முதலாளி 58 கொள்கலன் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். கப்பலுக்கு ஒரு தொன் சரக்கு ஏற்றும் செலவு பல டாலர்களிலிருந்து சில சதங்களுக்கு இறங்கியது. அவர் புதிய கப்பலைக் கண்டுபிடிக்கவில்லை, பெட்டியைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. லொறி, பாரந்தூக்கி, கப்பல் மூன்றையும் ஒரே அளவுக்குள் கொண்டுவந்தார். அந்த மாற்றத்துக்குப் பிறகு துறைமுகத்தின் பெறுமதி இயற்கை கொடுத்த ஆழத்தில் மட்டும் தங்கவில்லை. பின்னால் உள்ள வீதி, சந்தை, தொழிற்சாலை எல்லாம் சேர்ந்துதான் அது. இலங்கையில் அது கொழும்புக்கு வாய்த்தது. எங்களிடம் அந்த ஆழத்தைக் கணக்குப் போட்டுப் பயன்படுத்தியவர்களும் உண்டு. ஏ. வை. எஸ். ஞானம் 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிய நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையை இங்கே வைத்தார். கிளிங்கரைக் கப்பலில் மொத்தமாக இறக்கி, கரையிலேயே அரைத்துச் சீமெந்தாக்கும் தொழிலுக்கு ஆழமான இறங்குதுறைதான் உயிர். பக்கத்தில் பிரிமா மாவாலைக்கும் அதே கணக்குத்தான். சும்பீட்டர் சொன்ன புதுச் சேர்க்கைக்கு இதைவிடத் தெளிவான உள்ளூர் உதாரணம் எனக்குத் தெரியாது.

எல்லாம் தனியாள் முயற்சியால் ஆகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 2009 வரை கிண்ணியாவுக்குப் போக 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் கடக்க வேண்டும். வரிசையில் நிற்கும் ஓட்டோக்களுக்கிடையே தயிர்ச் சட்டிகள் வெயிலில் புளித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருடம் 396 மீற்றர் பாலம் திறந்தது. பிறகு உங்கள் மூதூர் வீதியிலும் பாலங்கள் வந்தன. எந்தத் தயிர் வியாபாரியும் தன் காசில் பாலம் கட்டியிருக்க முடியாது. பாலம் இல்லாமல் எந்தப் பயிற்சிப் பட்டறையும் அந்தத் தயிரைக் காப்பாற்றியிருக்காது. புல்மோட்டை இல்மனைற்று மணல் பல பத்தாண்டுகளாக மணலாகவே கப்பலேறுவதற்கும் இளைஞரின் முயற்சிக் குறைவு காரணமில்லை. அதை வெள்ளைச் சாயப் பொருளாக மாற்றப் பெரிய முதலும் அமிலமும் கழிவை அடக்கும் ஏற்பாடும் வேண்டும். அது வேறு அளவு விளையாட்டு.

கடன் பற்றிச் சொல்லாமல் போனால் என் அனுபவத்தின் பாதியை மறைத்ததாகும். வங்கியில் இருந்தபோது ஒரே கிராமத்தில், ஒரே காலாண்டில், கோழி வளர்ப்புக் கடன் பதினேழு பேருக்குச் சிபாரிசு செய்தேன். ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியாகச் சரியாக இருந்தது. பதினேழும் ஒன்றாக முட்டையிடத் தொடங்கியபோது ஊருக்குள் முட்டை தேங்கியது, வாங்க வந்தவர் சொன்னதே விலையானது. தீன் விலை மட்டும் குறையவில்லை. ஒரு வருடத்தில் பாதிக் கூடுகள் வெறுமை. ஒரு தாய் தோட்டை அடகு வைத்துத் தவணை கட்டினார். பற்றுச்சீட்டில் இருப்பது என் கையெழுத்து. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, நான் பதினேழு முயற்சியாளரை உருவாக்கவில்லை, ஒரே கடையைப் பதினேழு முறை திறந்திருக்கிறேன் என்று.

ஆய்வுகள் இதில் என்ன சொல்கின்றன? முன்னே சொன்ன அதே மூவரும் சுனாமிக்குப் பின், 2005 இலிருந்து, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் மிகச் சிறிய தொழில்களுக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 ரூபாய் பெறுமதி இனாமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். முதலுக்குக் கிடைத்த வருவாய் மாதத்துக்கு ஏறக்குறைய 5 சதவீதம். வங்கி வட்டியைவிட மிக அதிகம். முதல் இல்லாமல் தவிக்கும் நல்ல தொழில்கள் உண்டு என்பதற்கு இது உறுதியான சான்று. ஆனால் பிரித்துப் பார்த்தபோது அந்த வருவாய் ஆண்கள் நடத்திய தொழில்களில்தான் இருந்தது. பெண்களின் தொழில்களில் சராசரியாக ஒன்றும் கூடவில்லை. ஏன் என்பதில் விவாதம் முடியவில்லை. காசு வீட்டுத் தேவைக்குள் போய்விடுகிறது என்பது ஒரு விளக்கம். பெண்கள் ஒரே மாதிரியான, வருவாய் குறைந்த தொழில்களுக்குள் நெருக்கப்படுகிறார்கள் என்பது மற்றொன்று. என் அனுபவம் இரண்டாவதின் பக்கம் சாய்கிறது, ஆனால் அது அனுபவம்தான். தெற்கில் கண்டது கிழக்கிலும் அப்படியே இருக்கும் என்று கொள்ளவும் கூடாது.

நுண்கடன் பற்றிய முடிவு இன்னும் தெளிவு. பொஸ்னியா, எதியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மொங்கோலியா, மொறோக்கோ ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015 இல் ஒன்றாக வெளியாயின. சிலர் தொழிலைக் கொஞ்சம் பெருக்கினார்கள். குடும்ப வருமானத்தைத் தூக்கி நிறுத்தும் மாற்றம் சராசரியாக எங்கும் தெரியவில்லை. எங்கள் கிராமங்களில் கிழமைக் கடன் என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்று நீக்கும் அளவுக்கு அது முற்றியது. கிழமைக்குக் கிழமை தவணை வந்து நிற்கும்போது யாரும் புதியதைச் செய்து பார்க்கத் துணிய மாட்டார்கள். உடனே காசாகும் பழைய தொழிலையே தேடுவார்கள். புத்தாக்கத்துக்கு வேண்டிய பொறுமை அந்தக் கடனுக்குள் இல்லை.

பயிற்சி பயன் தருமா? எதைப் பயிற்றுவிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. டோகோ நாட்டில் 1,500 சிறு தொழில் செய்பவர்களை வைத்து நடந்த ஆய்வு 2017 இல் வெளியானது. கணக்கு, சந்தைப்படுத்தல் என்ற வழமையான பாடம் படித்தவர்களுக்குக் குறிப்பிடும்படியான பயன் உறுதியாகவில்லை. தாமாக முன்னெடுப்பது, தடங்கலை முன்கூட்டிப் பார்ப்பது, மற்றவர் செய்யாததைத் தேடுவது என்று மனப்போக்கைப் பயிற்றுவித்த குழுவின் லாபம் 30 சதவீதம் கூடியது. நான் வருடக்கணக்காக நடத்திய வகுப்புகளில் பாதியை இதை வாசித்த பிறகு மாற்றினேன். ஆனால் யார் வளரப்போகிறவர் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்றால், முடியாது என்றே சான்றுகள் சொல்கின்றன. நைஜீரியாவில் நடந்த பெரிய வணிகத் திட்டப் போட்டியில் நடுவர்கள் போட்ட புள்ளிக்கும், மூன்று வருடம் கழித்து அந்தத் தொழில்கள் நின்ற நிலைக்கும் தொடர்பு காணப்படவில்லை.

இன்னொன்று. முயற்சி எப்போதும் நல்லதை நோக்கியே ஓடாது. வில்லியம் போமோல் என்ற பொருளியலாளர் 1990 இல் எழுதியது: துணிச்சலும் மூளையும் உள்ளவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள், எங்கே வரும்படி அதிகம் என்று நாட்டின் விதிகள் காட்டுகின்றனவோ அங்கே போவார்கள். போர்க்காலத்தில் தடைசெய்த பொருளைக் கடத்துவதில் எவ்வளவு சாமர்த்தியம் செலவானது! 2022 இல் வரிசையில் நின்று எடுத்த பெற்றோலைப் போத்தலில் விற்றவர்களிடம் துணிச்சல் இல்லையா? அதே வருடம் ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. படகுகள் கரையில் ஏறின. குச்சவெளி அக்காவின் தட்டுகள் வெறுமையாக நின்றன. அவருடைய முயற்சியில் அன்று எந்தக் குறையும் இல்லை.

இனி உங்களுக்கு. நீங்கள் தொழில் தொடங்கித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. தொடங்குவதானால் தாயின் நகையையும் கிழமைக் கடனையும் தொடாதீர்கள். நியமனத்துக்கு விண்ணப்பித்தது அப்படியே இருக்கட்டும். முடிந்தால் ஒரு வருடம், நன்றாக நடக்கிற ஒரு நிறுவனத்தில் சின்ன வேலைக்காவது போய் நில்லுங்கள். தேஷ் ஊழியர்கள் கொண்டு போன அறிவு அப்படித்தான் அவர்களுக்கு வந்தது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிவதும் வங்கிக் கணக்குத் திறப்பதும் பின்னால் செய்கிற வேலை. முதலில் செய்ய வேண்டியது, வாங்குகிறவர் ஒருவரைக் கண்டுபிடிப்பது.

மூதூரில் இருக்கிறபடியால் ஒன்று கேட்கிறேன். எருமைத் தயிர் உங்கள் பக்கத்துச் சொத்து. மண் சட்டி தண்ணீரை உறிஞ்சுவதால்தான் தயிர் அப்படி இறுகுகிறது. ஆனால் சட்டி உடையும், பாரம், ஒருவர் சாப்பிட ஒரு சட்டி அதிகம். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் ஆட்கள் நிறைவது மே முதல் செப்டம்பர் வரை. புல் செழித்துப் பால் கூடுவது மாரி மழைக்குப் பிறகு, கச்சான் வீசும்போது பால் குறைகிறது. தேவையும் பாலும் எதிரெதிர் மாதங்களில் நிற்கின்றன. இந்த இடைவெளியில் ஒரு தொழில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்த ஹோட்டல்கள் எப்படி வெறிச்சோடின என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு கிழமை ஒதுக்கி, ஐந்து ஹோட்டல்களின் சமையற்கட்டுக்குப் போய்க் கேளுங்கள்: காலைச் சாப்பாட்டுக்கு எத்தனை பேருக்குத் தயிர் வைக்கிறார்கள், எங்கிருந்து எடுக்கிறார்கள், எந்த அளவில் வந்தால் வசதி, கடைசியாக எப்போது கெட்டுப்போய்த் திருப்பி அனுப்பினார்கள். முதலாளியைக் கேட்க வேண்டாம், சமையற்காரரைக் கேளுங்கள். அவர் சொல்லும் கணக்கைக் கொண்டுவந்து இதற்குக் கீழேயே எழுதுங்கள், தங்கச்சி. என்ன விலைக்குக் கட்டுப்படியாகும், ஐஸ் பெட்டியில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அதை வைத்துப் பார்ப்போம்.